புழுவின் வயதும் சாவின் நேரமும்

சட்டக் கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. பூட்டிய வீட்டுக்குள் ஓர் உடல் கிடைக்கிறது. "உடலில் புழு வைத்திருந்தது, ஆகவே இறந்து மூன்று நாள் ஆகியிருக்கும்" என்று செய்தியில் எழுதுகிறார்கள். புழுவைப் பார்த்து நாளைச் சொல்வது எப்படி, அது நீதிமன்றத்தில் எவ்வளவு தூரம் நிற்கும், சென்னை போன்ற வெக்கையான ஊரில் அந்தக் கணக்கு மாறுமா? நான் பல ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவன். ஈக்களை வளர்த்துப் பார்ப்பதே அதில் பெரும்பகுதி. அவ்வப்போது இத்தகைய மாதிரிகளும் என் மேசைக்கு வந்ததுண்டு. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பூச்சியைப் பார்த்து நாங்கள் கணக்கிடுவது புழுவின் வயதை மட்டுமே. அந்தப் புழு முட்டையாக உடலின் மேல் விழுந்த நேரம் எது என்பதுவரை பின்னோக்கிப் போக முடியும். அதற்கு முன்னால் அந்த உடல் ஈ அணுகாமல் எவ்வளவு நேரம் கிடந்தது என்பதைப் புழு அறியாது. திறந்த வெளியில், பகல் வெளிச்சத்தில் கிடக்கும் உடலை ஈ சில நிமிடங்களிலேயே கண்டுபிடித்துவிடும் என்பதால் இரண்டு நேரங்களும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. பூட்டிய வீட்டில் அப்படி ஆவதில்லை. ஆகவே நேர்மையாக எழுதப்படும் ஒவ்வோர் அறிக்கையிலும் "குறைந்தது" என்ற சொல் இருக்கும்: இறந்து குறைந்தது இத்தனை நாள் ஆகியிருக்கிறது என்று.

மருத்துவர் இருக்கும்போது பூச்சி எதற்கு என்று தோன்றலாம். பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவர் உடலின் சூடு, விறைப்பு, இரத்தம் கீழ்ப்பக்கம் தேங்கிய தடம், அழுகலின் நிலை ஆகியவற்றைக் கொண்டு நேரத்தை மதிப்பிடுகிறார். முதல் ஒரு நாளுக்கு இவை நல்ல சாட்சிகள். ஆனால் இவற்றில் முதன்மையான சாட்சியாகப் பாடநூல்கள் சொல்லும் உடல் வெப்பம், குளிர்நாட்டு நிலைமையில் அளந்து எழுதப்பட்டது. உயிருள்ள உடலின் வெப்பம் 37 டிகிரி செல்சியஸ். மே மாதப் பிற்பகலில் சென்னையின் நிழலிலும் கிட்டத்தட்ட அதே வெப்பம்தான். சூடு இறங்குவதற்குச் சுற்றுப்புறம் குளிர்ந்திருக்க வேண்டாமா? விறைப்பும் இங்கே விரைவாகத் தொடங்கி விரைவாகத் தளர்ந்துவிடுகிறது. கோடையில் ஒன்றரை நாள் கடந்தால் பெரும்பாலும் அதிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடிவதில்லை. அதற்குப் பிறகு அழுகலின் நிலையைப் பார்த்து "இரண்டு முதல் ஐந்து நாள்" என்பது போன்ற அகலமான விடையைத்தான் மருத்துவரால் தர முடியும். மருத்துவரின் கடிகாரம் நிற்கும் அந்த இடத்தில்தான் பூச்சியின் கடிகாரம் நன்றாக ஓடத் தொடங்கியிருக்கும்.

வருபவை எவை? காசிமேட்டில் மீன் உலர்த்தும் இடத்தில் ஒரு காலைப் பொழுது நின்றால் பெரும்பாலானவற்றைப் பார்த்துவிடலாம். நீலமும் பச்சையுமாக உலோகம் போல மின்னும் உடலும் செங்கல் நிறத்தில் பெரிய கண்களும் கொண்டு ஈர மீனின் செவுளைச் சுற்றும் பருத்த ஈதான் கிரைசோமியா மெகாசெஃபாலா. அதன் உறவினமான கிரைசோமியா ரூஃபிஃபேசிஸ், சாம்பல் நிறத்தில் கறுப்புக் கோடுகளோடு இருக்கும் சார்கோஃபாகா வகை இறைச்சி ஈக்கள் ஆகியவையும் நம் ஊரில் எங்கும் உண்டு. கருவாடு காய்ந்த பிறகு அதைத் துளைக்கும் டெர்மெஸ்டெஸ் வண்டும், கொப்பரையில் காணும் செங்கால் வண்டான நெக்ரோபியா ரூஃபிபெஸும், உடல் உலர்ந்து தோலும் எலும்புமாகும் நிலையில் வருபவை. ஈரமாக இருக்கும்போது ஒரு கூட்டம், காய்ந்த பின் வேறொரு கூட்டம் என்ற இந்த வரிசையை மீன் வியாபாரம் செய்யும் பெண்கள் எந்தப் பூச்சியியல் நூலும் படிக்காமலே அறிவார்கள்.

பெண் ஈ முட்டையிட ஈரமான, மறைவான இடத்தைத் தேடும். கண்ணின் ஓரம், மூக்குத் துளை, வாய், காது, திறந்த காயம் ஆகியவையே அதன் முதல் தேர்வு. ஒரு முறைக்கு இருநூறு முந்நூறு முட்டைகளைக் குவியலாக இட்டுவிடும். நான் ஒருமுறை ஏப்ரல் மாதத்தில் வீட்டு மொட்டை மாடியில் ஒரு வஞ்சிர மீன் தலையைத் தட்டில் வைத்து அருகிலேயே அமர்ந்திருந்தேன். முதல் ஈ வந்து அமர நான்கு நிமிடம் ஆயிற்று. முதலில் அது முட்டையிடவில்லை. சுற்றிச் சுற்றி நடந்து, ஊதுகுழலைப் போன்ற வாயால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, பிறகுதான் செவுளுக்குள் பின்புறத்தைச் செருகியது. மாலையில் செவுளைத் தூக்கிப் பார்த்தபோது உடைத்த பச்சரிசியைக் கொட்டியது போல வெள்ளையாக முட்டைகள் ஒட்டியிருந்தன. மறுநாள் காலையில் அந்த இடத்தில் நூல் நூலாகப் புழுக்கள் அசைந்தன.

புழுவின் வாழ்வு மூன்று பருவங்களாகப் பிரிகிறது. ஒரு பருவத்திலிருந்து அடுத்த பருவத்துக்குப் போகும்போது அது தோல் உரிக்கிறது. 30 டிகிரி அளவிலான வெப்பத்தில் முட்டை பொரிய அரை நாளிலிருந்து முக்கால் நாள் ஆகும். முதல் இரண்டு பருவங்களும் விரைவாகக் கழிந்துவிடும். மூன்றாம் பருவத்தில்தான் புழு கொழுத்து ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்தை எட்டுகிறது. பிறகு உண்பதை நிறுத்திவிட்டு உடலை விட்டு விலகிச் சென்று, மண்ணுக்குள்ளோ பாய்க்கு அடியிலோ ஒதுங்கிக் கூட்டுப்புழுவாகிறது. முட்டையிலிருந்து பறக்கும் ஈ வரை மொத்தம் ஒன்பது பத்து நாள்.

பருவத்தைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. நுண்ணோக்கியின் கீழ் புழுவின் பருத்த முனையைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு பழுப்புப் புள்ளிகள் தெரியும். என் மாணவர்கள் எல்லோரும் முதல் நாளில் அவற்றைக் கண்கள் என்றே சொல்வார்கள். அவை புழு மூச்சுவிடும் துளைகள். தலை மறுமுனையில், கூர்மையான பக்கத்தில், இரண்டு கறுத்த கொக்கிகளோடு இருக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் எத்தனை கீற்றுகள் என்று எண்ண வேண்டும். இரண்டு கீற்று இருந்தால் இரண்டாம் பருவம்; மூன்று இருந்தால் மூன்றாம் பருவம். தலையை இரைக்குள் புதைத்துக்கொண்டு உண்ணும்போது வெளியே நீட்டிய வாலால் மூச்சுவிடும் இந்த அமைப்பை நான் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன்; இன்றும் வியப்பு அடங்கவில்லை.

இனி வெப்பக் கணக்குக்கு வருகிறேன். உங்கள் கேள்வியின் மையம் இதுதான். புழுவுக்குத் தன் உடலைச் சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது. சுற்றியுள்ள வெப்பம் கூடினால் வேகமாக வளரும். குறைந்தால் மெதுவாக வளரும். ஒரு கீழ் எல்லைக்குக் கீழே போனால் வளர்ச்சியே நின்றுவிடும். ஆகவே "இந்தப் பருவத்தை எட்ட இத்தனை மணி நேரம்" என்று பொதுவாகச் சொல்ல முடியாது. "இத்தனை டிகிரி-மணி" என்றுதான் சொல்ல வேண்டும். விளக்கத்துக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். ஓர் இனத்தின் கீழ் எல்லை 10 டிகிரி என்றும், 27 டிகிரியில் வைத்த கூண்டில் அது குறிப்பிட்ட நிலையை எட்ட 60 மணி நேரம் ஆனது என்றும் கொள்வோம். எல்லைக்கு மேலே உள்ள 17 டிகிரியை 60ஆல் பெருக்கினால் 1020 டிகிரி-மணி. இதே நிலையில் ஒரு புழு, சராசரி வெப்பம் 32 டிகிரியாக இருந்த மே மாதத்தில் கிடைத்தால், மணிக்கு 22 வீதம் 1020ஐச் சேர்க்க அதற்கு 46 மணி நேரம் போதும். சராசரி 24 டிகிரியாக இருந்த சனவரியில் கிடைத்தால் 73 மணி நேரம் ஆகியிருக்கும். ஒரே பருவத்தில், ஒரே நீளத்தில் இருக்கும் இரண்டு புழுக்களில் ஒன்று இரண்டு நாள் முடியவில்லை என்கிறது, மற்றொன்று மூன்று நாள் கடந்தது என்கிறது. வெப்பத்தைக் கேட்காமல் புழுவை மட்டும் பார்த்து நாள் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

அந்த வெப்பத்தை எங்கிருந்து எடுப்பது? நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் வானிலைத் துறையின் நிலையங்கள் இருக்கின்றன. அவற்றின் பதிவுகள் கிடைக்கும். ஆனால் கடற்காற்று பிற்பகலிலேயே எட்டிவிடும் திருவான்மியூர் வீட்டு வராந்தாவும், உச்சி வெயில் இறங்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக் கொட்டகையும் மீனம்பாக்கத்தின் வெப்பமானி காட்டும் எண்ணுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. அதனால் உடல் எடுக்கப்பட்ட பிறகும் அதே இடத்தில் வெப்பப் பதிவுக் கருவியைச் சில நாள்கள் வைத்து, அந்த நாள்களுக்கான நிலையப் பதிவோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைக் கண்டறிந்து, முந்தைய நாள்களின் பதிவை அதற்கேற்பத் திருத்திக்கொள்ள வேண்டும். செலவு அதிகமில்லாத இந்த வேலையை நம் ஊரில் செய்து நான் பார்த்தது மிகக் குறைவு. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

குளிர்சாதனம் ஓடிய அறையென்றால் கணக்கு தலைகீழாகிவிடும். 18 டிகிரியில் வைத்த அறையில் மேலே சொன்ன புழு மணிக்கு 8 டிகிரி வீதம்தான் சேர்த்துக்கொள்ளும். அதே நிலையை எட்ட ஐந்து நாளுக்கு மேல் ஆகும். கதவை உடைத்து உள்ளே போனவர்கள் நாற்றம் தாங்காமல் முதலில் செய்வது ஜன்னலைத் திறந்து மின்விசிறியைப் போடுவது. ஏசியை அணைத்துவிட்டு அதைப் பற்றி எவரும் குறிப்பெழுதுவதில்லை. மின் அளவி காட்டிய எண், அந்த நாள்களில் மின்வெட்டு இருந்ததா என்பது போன்ற செய்திகள் பூச்சி ஆய்வாளருக்கு நுண்ணோக்கி அளவுக்கே தேவையானவை.

கடிகாரத்தை முன்னும் பின்னும் தள்ளும் வேறு சிலவும் உண்டு. ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒரே இடத்தில் திரண்டு உண்ணும்போது அந்தத் திரளே சூடாகிவிடும்; சுற்றுப்புறத்தைவிடப் பத்து டிகிரி, சில வேளைகளில் அதற்கும் மேலே போகும். பிணவறையின் குளிர்ப்பெட்டிக்குள் வைத்தாலும் அத்தகைய திரள் உடனே அடங்கிவிடாது. ஈக்கள் பொதுவாக இருட்டில் முட்டையிடுவதில்லை. ஆகவே இரவு எட்டு மணிக்கு இறந்தவரின் மேல் முதல் முட்டை விடிந்த பிறகே விழுந்திருக்கக்கூடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈ பறப்பதே குறைவு. சாக்கில் சுற்றிய உடலுக்கும் ஜன்னலில் கொசுவலை அடித்த வீட்டுக்கும் ஈ தாமதமாகத்தான் வரும். கதவிடுக்கிலும் நுழைந்துவிடும் மிகச் சிறிய ஃபோரிட் ஈக்கள் மட்டும் பூட்டிய வீட்டுக்குள் தடையின்றிப் போய்விடும். பெரிய பச்சை ஈயின் புழு ஒன்றுகூட இல்லாமல் இவற்றின் புழு மட்டும் இருந்தால், வீடு எவ்வளவு இறுக்கமாக மூடியிருந்தது என்பதற்கே அது சான்றாகிறது.

சார்கோஃபாகா ஈ முட்டையிடுவதில்லை. குட்டிப் புழுவையே நேரடியாக விட்டுச் செல்லும். இனத்தைத் தவறாக அடையாளம் கண்டு முட்டைக் காலத்தையும் கூட்டிவிட்டால் அரை நாள் பிழை அங்கேயே வந்துவிடும். ரூஃபிஃபேசிஸ் இனத்தின் புழு உடலெங்கும் சதைமுட்கள் கொண்டது. அது வளர்ந்த பின் மற்றப் புழுக்களைப் பிடித்துத் தின்னும். முதலில் வந்த இனத்தின் புழுக்களை எல்லாம் அது தின்று தீர்த்துவிட்டால் மிஞ்சியிருப்பது பின்னால் வந்தவை மட்டுமே. அவற்றைக் கொண்டு கணக்கிட்டால் உண்மையைவிடக் குறைந்த நாளே விடையாக வரும். சென்னையில் இந்த இனம் சாதாரணமாகக் கிடைப்பதால் இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை புழுவைச் சேகரிப்பதில் நேர்கிறது. ஒருமுறை எனக்கு ஒரு கண்ணாடிப் புட்டி வந்தது. உள்ளே அடர்ந்த உப்பு நீர். அதில் சுருங்கிக் கறுத்து, பழைய மிளகாய் விதை போலக் கிடந்த ஏழு புழுக்கள். உறுப்புகளை நஞ்சுப் பரிசோதனைக்கு உப்புக் கரைசலில் அனுப்புவது நம் நாட்டில் நெடுங்கால வழக்கம். மெட்ராஸில் வேதியியல் ஆய்வுக்கூடம் 1849இலேயே தொடங்கிவிட்டது என்பதால் அந்தப் பழக்கத்தின் வேர் ஆழமானது. அனுப்பியவர் புழுவையும் அப்படியே அனுப்ப வேண்டும் என்று நினைத்ததில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் சுருங்கிய புழுவின் நீளத்தை வைத்து வயதைச் சொல்ல இயலாது. எங்கிருந்து எடுத்தது, எப்போது எடுத்தது என்ற குறிப்பும் இல்லை. என்னால் இனத்தின் பெயரைத் தவிர எதையும் எழுத முடியவில்லை. அந்த வழக்கில் நாள்தான் முக்கியமாக இருந்தது.

முறை கடினமானதன்று. உடலின் வெவ்வேறு இடங்களிலிருந்து, குறிப்பாக மிகப் பெரிய புழுக்களை, தனித்தனியாக எடுக்க வேண்டும். ஏனென்றால் முதலில் வந்தவற்றின் வயதுதான் நமக்கு வேண்டும். பாதியைக் கொதிநிலையை நெருங்கிய வெந்நீரில் அரை நிமிடம் இட்டு, பிறகு 80 விழுக்காட்டு எத்தில் ஆல்கஹாலில் வைத்தால் நீளம் மாறாமல் இருக்கும். உயிரோடு ஆல்கஹாலில் போட்டால் கறுத்துச் சுருங்கிவிடும். மறுபாதியை ஈரல் துண்டோடும் மணலோடும் காற்றுப் புகும் டப்பாவில் உயிருடன் அனுப்ப வேண்டும். ஈயாக வெளிவந்த பிறகு இனத்தை ஐயமின்றி உறுதி செய்யலாம். உடலைத் தூக்கிய பின் அடியில் உள்ள மண்ணையும், வீடானால் கட்டிலின் கீழும் குளிர்பதனப் பெட்டியின் கீழும் கூட்டுப்புழுக்களையும் வெற்றுக் கூடுகளையும் தேட வேண்டும். ஒரே ஒரு வெற்றுக் கூடு கிடைத்தாலும் ஒரு தலைமுறை முடிந்துவிட்டது என்று பொருள். மூன்று நாள் என்ற பேச்சு அத்துடன் விழுந்துவிடும். பிணவறை மேசையைக் குழாய் நீரால் கழுவிய பிறகு இவற்றில் எதையும் மீட்க முடியாது.

இது புதிய கலை என்று எண்ண வேண்டாம். சீனத்தில் சோங் ட்ஸ 1247இல் எழுதிய விசாரணை நூலில், அரிவாளால் வெட்டப்பட்ட ஒருவரின் ஊரில் எல்லோருடைய அரிவாளையும் தரையில் வைக்கச் சொன்னபோது ஒன்றின் மேல் மட்டும் ஈ மொய்த்த கதை வருகிறது. 1935 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் மொஃபட் அருகே ஓர் ஓடைப் பள்ளத்தில் இரண்டு பெண்களின் உடல் துண்டுகள் கிடைத்தன. கிளாஸ்கோவைச் சேர்ந்த அலெக்சாண்டர் மெர்ன்ஸ் புழுக்களைப் பார்த்து 12 முதல் 14 நாள் என்றார். அவர்கள் கடைசியாகக் காணப்பட்ட நாளோடு அது பொருந்தியது. பம்பாயில் பிறந்து இங்கிலாந்தில் மருத்துவம் பார்த்த பக் ரக்ஸ்டன் தன் மனைவியையும் பணிப்பெண்ணையும் கொன்ற வழக்கு அது.

எனக்கு இவற்றைவிட நெருக்கமான வழக்கு புழுவே இல்லாத ஒன்று. 2001 சூலையில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் இரவு பத்து மணியளவில் திறந்த இடத்தில் ஓர் ஆணின் உடல் கிடைத்தது, காயங்கள் பல. அன்று விடியற்காலையே கொலை நடந்திருக்கலாம் என்று வாதிட்டு ஓர் இளம்பெண்ணுக்குத் தண்டனை வாங்கித் தந்தார்கள். அவரோ அன்று பகல் முழுவதும் பல மணி நேரப் பயணத் தொலைவில் பெற்றோர் வீட்டில் இருந்தார். பின்னாளில் பூச்சி ஆய்வாளர்கள் எளிய ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள்: கோடைப் பகல் முழுவதும் திறந்து கிடந்த, காயம்பட்ட உடலில் ஈ முட்டை ஒன்றுகூட இல்லாமல் இருக்க முடியாது, ஆகவே அவர் இறந்தது பொழுது சாய்ந்த பிறகே. 2017 டிசம்பரில் அந்தத் தீர்ப்பு நீக்கப்பட்டது. "ஈ முட்டை எதுவும் காணப்படவில்லை" என்ற ஒரு வரியைப் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் எழுத நம் மருத்துவர்களை நான் வேண்டிக்கொள்வது இதனால்தான்.

புழுவின் வயது சாவைவிட முந்தியதாக இருக்கவும் கூடும். படுக்கையில் கிடந்து, முதுகில் புண் வைத்து, கவனிக்க ஆளில்லாமல் போன முதியவரின் புண்ணில் உயிரோடு இருக்கும்போதே ஈ முட்டையிட்டுவிடுகிறது. அத்தகைய உடலில் முதுகுப் புண்ணில் நான்கு நாள் புழுவும் கண்ணோரத்தில் ஒரு நாள் புழுவும் இருந்தால், நேற்று இறந்தார் என்பது கண்ணோரத்தின் செய்தி. மூன்று நாள் எவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பது முதுகின் செய்தி. இரண்டையும் ஒரே புட்டியில் போட்டுவிட்டால் இந்த வேறுபாடு அழிந்துவிடும். நஞ்சும் கணக்கைத் தொடும்: பூச்சிமருந்து குடித்து இறந்தவரின் உடலில் புழு தாமதமாக வரலாம், வளர்ச்சியும் குன்றலாம். உறுப்புகள் அழுகித் தீர்ந்த பிறகும் உண்ட புழுவின் உடலிலிருந்தே சில நஞ்சுகளைக் கண்டறிய முடிகிறது.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2024 சூலை முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 39ஆம் பிரிவின்கீழ் இது வல்லுநர் கருத்து. வேறு சான்றுகளோடு சேர்த்தே நீதிபதி இதை எடைபோடுவார். ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்கே செல்ல வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176ஆம் பிரிவு சொல்வதால், புழுவை முறையாக எடுக்கும் வாய்ப்பு இனிக் கூடும் என்று எதிர்பார்க்கிறேன். நீங்கள் வழக்கறிஞராகி இப்படியொரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் நாள் வந்தால், எந்த இனம், எப்படி உறுதி செய்தீர்கள், எந்த இடத்து வெப்பத்தை எடுத்தீர்கள், உடல் எத்தனை மணிக்குக் குளிர்ப்பெட்டிக்குள் போனது, வளர்ச்சி அட்டவணை எந்த ஊர் ஈயைக் கொண்டு தயாரானது என்று கேளுங்கள். ஐந்துக்கும் விடை சொல்பவர் "மூன்று நாள்" என்று மொட்டையாகச் சொல்ல மாட்டார்; "குறைந்தது அறுபது மணி நேரம், கூட எவ்வளவு என்பதைப் புழு சொல்லாது" என்பார். அவருடைய சாட்சியத்தை நம்பலாம்.